எலித் தமனியும் ஈஸ்ட்ரோஜனும்

ஜூன் 9

காலையில் புதிய தொகுதியின் அறுவை. எல்லாம் சினைப்பை நீக்கிய பெண் எலிகள். பாதிக்குப் பிடரித் தோலுக்கடியில் ஈஸ்ட்ரடயோல் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஒரு வகை) வில்லை, மீதிக்கு வெறும் வில்லை. கழுத்துத் தமனிக்குள் சிறு பலூனை நுழைத்து, லேசாக ஊதி, திருகியபடியே பின்னுக்கு இழுத்தால் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் ஒற்றை அடுக்குச் செல்கள் வழித்துக்கொண்டு வந்துவிடும். இதய அடைப்பைப் பலூனால் விரிக்கும்போது ஏற்படும் காயமும் ஏறக்குறைய இதுதான். 1977இல் சூரிச்சில் மருத்துவர் குருன்ட்சிக் தொடங்கிவைத்த சிகிச்சை அது. குழாயைத் திறந்தே வைத்திருக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் வருவதற்கு முன் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களிலேயே குழாய் மறுபடி குறுகியது.

ஜூன் 13

எலிகள் நலம். கூண்டு கழுவியதிலேயே பொழுது போயிற்று.

ஜூன் 23

இன்று தமனிகளை எடுத்தோம். அதற்கு அரை மணி முன்பு இவான்ஸ் நீலச் சாயத்தைச் சிரையில் ஏற்றியிருந்தேன். அந்த ஒற்றை அடுக்கு உள்ளுறை இல்லாத இடத்தில் மட்டும் சாயம் பிடிக்கும். வெறும் வில்லை எலியின் தமனியைப் பிளந்து விரித்தால், நாவல்பழம் தின்ற நாக்கைப் போல நடுப்பகுதி முழுக்க நீலம். ஈஸ்ட்ரடயோல் பெற்ற எலியிலோ இரு முனைகளிலிருந்தும் வெள்ளை வெகுதூரம் ஊர்ந்து வந்திருந்தது. ஹார்மோன், செல்லில் அதைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஆல்ஃபா ஏற்பியின் வழியாக, உள்ளுறைச் செல்களை விரைந்து பெருகவும் நகரவும் தூண்டுகிறது. நடு அடுக்கிலிருந்து உள்ளே புகுந்து குழாயை அடைக்கும் தசைச் செல்களையோ மட்டுப்படுத்துகிறது.

ஜூன் 26

புதிதாகச் சேர்ந்த மாணவி வெட்டுச் சில்லுகளைப் பார்த்துவிட்டு, “அக்கா, இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, மாதவிடாய் நின்றவர்களுக்கெல்லாம் இதையே கொடுத்துவிடலாமே?” என்றாள்.

கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே இதயத் தமனி நோய் கொண்ட 2,763 பெண்களிடம் நடந்த ஹெர்ஸ் ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. மொத்தத்தில் பலனில்லை, முதல் ஆண்டில் மாரடைப்பு கூடவே செய்தது. பத்திரிகைகள் ஈஸ்ட்ரோஜனைப் ‘பெண்மையின் கவசம்’ என்று எழுதும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். எங்கள் எலிகள் இளசுகள், தமனியில் கொழுப்புப் படிவு கிடையாது. ஹெர்ஸ் பெண்களின் சராசரி வயதோ அறுபதைத் தாண்டியது. போதாக்குறைக்கு அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோனும் சேர்த்துத் தரப்பட்டது. காயப்பட்ட எலித் தமனியில் ஈஸ்ட்ரோஜனின் நன்மையைக் கெடுப்பதாகத் தெரியவந்த மருந்து அது!

ஜூன் 30

அடுத்த தொகுதிக்கு வயதான எலிகள் கேட்டிருக்கிறேன். விலையைப் பார்த்துப் பேராசிரியர் முகம் சுளித்தார். மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் குழு ஒன்றுக்கு மட்டும் இப்போதைக்கு ஒப்புதல்.