பட்டனின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்த 6 வாரங்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்காக ஒரு சின்ன இணையதளம் வைத்திருக்கிறேன். 5 பக்கம், ஒரு காண்டாக்ட் ஃபார்ம், அவ்வளவுதான். போன வருடம் முதல்முறையாகத் துணிந்து கூகுளில் விளம்பரம் கொடுத்தேன். 6 வாரத்தில் 400 கிளிக்குக்கு மேல் வந்தது. விசாரணை ஒன்றுகூட வரவில்லை.

பழியை விளம்பர வரிகள் மேல் போட்டேன். தலைப்பை 4 முறை மாற்றி எழுதினேன். ஃபார்மில் தொலைபேசி எண் கேட்ட கட்டத்தை எடுத்தேன். 'அனுப்பு' பட்டனை நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றினேன். ஆரஞ்சை அதிகம் பேர் அழுத்துவார்கள் என்று எங்கேயோ படித்த ஞாபகம். பட்டன் பளிச்சென்றுதான் இருந்தது. இன்பாக்ஸ் காலி.

அப்புறம் ஒரு நாள் பழைய அலுவலகத் தோழி போன் செய்தாள். "உன் சைட்ல ஃபார்ம் நிரப்பி ஒரு வாரம் ஆச்சு. பெரிய ஆளாயிட்டே, பதில்கூடப் போட மாட்டேங்கிறே?"

அன்று இரவு உட்கார்ந்து, தளத்துக்கு வந்தவர்களின் கணக்கைக் காட்டும் அனலிட்டிக்ஸைத் திறந்தேன். ஃபார்மை அனுப்பியவர்களுக்கு மட்டும் தெரியும் 'நன்றி' பக்கம் ஒன்று உண்டு. அதை 23 முறை பார்த்திருக்கிறார்கள். 23 பேர் எழுதியிருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் வரவில்லை. ஸ்பாம் பெட்டியில் தேடினால் 9 கிடந்தன. 30 நாள் தாண்டிய ஸ்பாமை ஜிமெயில் தானாக அழித்துவிடும், அதனால் அதற்கு முன் வந்தவை என்ன ஆயின என்று கேட்கவே வழியில்லை. தோழி எழுதியது ஸ்பாமிலும் இல்லை. என் தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கண்ட்ரோல் பேனலில் மெயில் டெலிவரியைக் காட்டும் பக்கத்துக்குப் போனேன். அங்கே வரிசையாகச் சிவப்புக் குறிகள், 'நிராகரிக்கப்பட்டது' என்று.

காரணம் இதுதான். என் ஃபார்ம், நிரப்பியவருடைய முகவரியையே 'அனுப்புநர்' இடத்தில் போட்டு மெயிலை அனுப்பிக்கொண்டிருந்தது. பதில் எழுத வசதியாக இருக்குமே என்று அப்படி வைத்தது நான்தான். தோழி யாஹூ முகவரிக்காரி. ஆனால் மெயில் கிளம்புவது யாஹூ சர்வரிலிருந்து இல்லை, என் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து. அடுத்தவர் லெட்டர்பேடில் நான் கடிதம் எழுதுகிற மாதிரி. தன் பெயரில் வேறு சர்வரிலிருந்து வரும் மெயிலை ஏற்காதீர்கள் என்று யாஹூ 2014 ஏப்ரலிலேயே, போலி அனுப்புநரைத் தடுக்கும் டிமார்க் என்ற விதிமுறை மூலம் அறிவித்துவிட்டது. அதன்படி அவை வாசலிலேயே திரும்பிப் போயின. ஜிமெயில் முகவரி போட்டவர்களுடையது ஸ்பாமுக்குப் போனது.

நான் சோதித்துப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். ஆனால் என் சொந்த டொமைன் முகவரியைப் போட்டுச் சோதித்தேன். என் டொமைன், என் சர்வர், இரண்டும் பொருந்திவிட்டதால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது. அனுப்புநராக என் டொமைன் முகவரி, 'பதில் முகவரி' இடத்தில் நிரப்பியவருடையது. ஹோஸ்டிங் சர்வர் தானாக அனுப்பும் வழியை விட்டுவிட்டு, என் மெயில் சேவையின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) வழியாக அனுப்பும்படி மாற்றினேன். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதில் யாரோ ஒருவர் ஸ்பாம் அனுப்பினாலும் கறுப்புப் பட்டியலில் ஏறுவது எல்லோருடைய மெயிலும்தான். முக்கியமாக, ஃபார்மில் வருவதெல்லாம் டேட்டாபேஸிலும் ஒரு பிரதி சேரும்படி வைத்தேன். மெயில் தொலைந்தாலும் ஆள் தொலைய மாட்டார்.

கையோடு என் டொமைனின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் டிஎன்எஸ்ஸைப் பார்த்தால் இன்னொரு கூத்து. எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டும் அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி இரண்டு இருந்தது. ஒன்று பழைய ஹோஸ்டிங் காலத்தது, மற்றது நியூஸ்லெட்டர் சேவைக்காக நான் சேர்த்தது. ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராகிவிட்டது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000 மெயிலோ அதற்கு மேலோ அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயிலில் சேரும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் மூன்றும் கட்டாயம், மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். என் நியூஸ்லெட்டரை யாருமே திறப்பதில்லை என்று நான் வருத்தப்பட்டதற்கு, எழுத்து மட்டும் காரணம் இல்லை போலிருக்கிறது.

ஹோஸ்டிங் வேறு, மார்க்கெட்டிங் வேறு என்று இரண்டு பெட்டியில் வைத்திருந்ததுதான் என் கோளாறு. யாராவது விளம்பரம் கொடுக்கப் போகிறேன் என்று யோசனை கேட்டால், கீவேர்டு பற்றியெல்லாம் நான் பேசுவதில்லை. ஒரு யாஹூ முகவரியிலிருந்தும் ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்தும் உங்கள் ஃபார்மை நிரப்பிப் பாருங்கள், உங்கள் தளத்தை இதுவரை பார்க்காத ஒருவர் போனில், மொபைல் டேட்டாவில் நிரப்பினால் இன்னும் நல்லது என்கிறேன். 'நன்றி' பக்கத்தின் எண்ணிக்கையும் இன்பாக்ஸுக்கு வந்த எண்ணிக்கையும் வாரம் ஒருமுறை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறேன். விளம்பர டாஷ்போர்டு முதலாவதை மட்டும்தான் எண்ணும்.

ஸ்பாமில் கிடந்த 9 பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் போட்டவர் ஒருவர்தான். வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டதாக மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

விளம்பரத்தை, முதலில் எழுதிய அதே தலைப்போடு, மறுபடி ஓட்டினேன். முதல் வாரத்திலேயே 3 விசாரணை. பட்டனை மட்டும் பழையபடி நீலமாக்கவில்லை. ஆரஞ்சு பழகிவிட்டது.