எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது

குரோமோசோம் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இரத்தத்தின் வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் தறுவாயில் கோல்ச்சிசின் விட்டு நிறுத்தி, உப்பு குறைந்த கரைசலில் ஊதவைத்து, ஸ்லைடில் சொட்டுவோம். செல் உடைந்து குரோமோசோம்கள் சிதறிக் கிடக்கும். டிரிப்சின் என்னும் நொதியில் சில நொடி, பிறகு கீம்சா சாயம். டிரிப்சினில் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டால் குரோமோசோம் பஞ்சாக உப்பிவிடும். குறைந்தால் ஒவ்வொரு குரோமோசோமையும் அடையாளம் காட்டும் குறுக்குப் பட்டைகளே தெரியாது. அந்தக் கணக்கைக் கையேடு சொல்லித் தராது, கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

எண்ணினால் 46 வரவேண்டும். 1956இல் சியோவும் லெவானும் சரியாக எண்ணிச் சொல்லும்வரை மனிதனுக்கு 48 என்றுதான் பாடநூல்களில் இருந்தது. தேர்ந்த கண்களே சுமார் 30 ஆண்டுகள் தவறாக எண்ணியிருக்கின்றன என்பது புதிதாகச் சேர்ந்தவளுக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு நாள் 45 வந்தது. செல் உடைந்து சிதறும்போது ஒன்றிரண்டு தூரமாகப் போய்விடுவது உண்டு. அதனால் அந்தச் செல்லை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பார்த்தேன். அதிலும் 45. மூன்றாவதையும் ஒதுக்கிவிட்டு, ஸ்லைடு சரியில்லை, வேறு போடட்டுமா என்று மூத்த தொழில்நுட்பரிடம் கேட்டேன். அவர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிராமலே சொன்னார்: "ஒரு செல்லில் காணவில்லை என்றால் அது நம் கைப்பிழை. எல்லாச் செல்லிலும் அதே ஒன்றைக் காணவில்லை என்றால், அம்மா, அது அந்த ஆள்."

காணாமல் போகவும் இல்லை. 13ஆம் குரோமோசோமில் ஒன்றும் 14இல் ஒன்றும் சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்பு; அதன் இருபுறமும் நீள்பவை கைகள்) பக்கமாக ஒட்டி ஒரே நீளத் துண்டாக இருந்தன. ராபர்ட்சோனியன் இடமாற்றம் என்பார்கள்; ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும். 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்துக்கும் மேல்கை மிகக் குட்டை. அந்தக் குட்டைக் கைகள் செல்லுக்குள் நியூக்ளியோலஸ் என்னும் ஒரே இடத்தில் கூடி நிற்பவை, ஒன்றைப்போல் ஒன்று எழுதப்பட்டவை. டிஎன்ஏ இரு இழையும் அறுந்தால் செல் அந்த முனையை அப்படியே விட்டுவைக்காது; எதையாவது பிடித்து ஒட்டப் பார்க்கும். பக்கத்தில் அதே சாயலில் இன்னொரு முனை இருந்தால் ஆள் மாறிவிடும். ஒட்டும்போது குட்டைக் கைகள் தொலைகின்றன. அவற்றில் உள்ள மரபணுக்களுக்கு மற்ற குரோமோசோம்களில் நிறையப் பிரதிகள் இருப்பதால் உடம்புக்கு ஒன்றும் தெரிவதில்லை.

அந்த மாதிரிக்கு உரியவர் மூன்று கருச்சிதைவுகளுக்குப் பிறகு எங்களிடம் வந்தவர். நாங்கள் பொதுவாக நோயாளிகளைப் பார்ப்பதில்லை. அன்று மரபியல் ஆலோசகர் படத்தை விளக்க என்னையும் உட்காரவைத்தார். குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்திய கேரியோடைப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தவர் கேட்டார்: "எனக்கு ஒன்று குறைகிறதா?"

"குறையவில்லை அக்கா. இரண்டு சேர்ந்து ஒன்றாகியிருக்கின்றன."

சிக்கல் கருமுட்டையில்தான் என்று ஆலோசகர் தாளில் வரைந்து காட்டினார். ஜோடி ஜோடியாகப் பிரியவேண்டிய இடத்தில் ஒட்டிய துண்டு, தனி 13, தனி 14 என மூன்று நிற்கின்றன. ஒட்டியது ஒரு பக்கமும் தனித்தவை இரண்டும் மறுபக்கமும் போனால் கரு நலமாக இருக்கும். வேறு விதமாகப் பிரிந்தால் ஒன்று கூடும் அல்லது குறையும். பெரும்பாலும் கரு தங்காது.

எலும்பு மஜ்ஜை மாதிரிகளில் இதே உடைவும் ஒட்டலும் வேறு முகம் காட்டும். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் நுனிகளை மாற்றிக்கொண்டால், ஏபிஎல் (ABL) மரபணு பிசிஆர் (BCR) மரபணுவோடு இணைந்து, நிற்காமல் "பெருகு, பெருகு" என்று கட்டளையிடும் புரதம் ஒன்று பிறக்கிறது. அதுதான் நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். குட்டையாகிப்போன அந்த 22ஐ நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் 1960இல் கண்டார்கள்; துண்டு எங்கே போனது என்பதை 1973இல் ஜேனட் ரௌலி பட்டைகளை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். அந்தப் புரதத்தை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் வந்தது. சிகிச்சை தொடங்கிய ஒருவரின் மாதிரியில், குட்டை 22ஐத் தேடித் தேடிக் கிடைக்காமல் போகும் நாள்தான் எங்கள் வேலையில் நல்ல நாள்.

இவை எல்லாவற்றுக்கும் படிவத்தில் ஒரே கட்டம்: "பிறழ்வு". எனக்கு அந்தச் சொல் உறுத்தும். 9ஆம் குரோமோசோமின் நடுப்பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதை நூற்றில் ஒன்றிரண்டு பேரிடம் பார்க்கிறோம். பல ஆய்வகங்கள் அதை அறிக்கையில் எழுதுவதே இல்லை. கேளையாடு என்னும் சிறு மானில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 குரோமோசோம்கள்தாம். சீனத்தில் வாழும் அதன் நெருங்கிய உறவுக்கு 46. ஒட்டி ஒட்டியே அவ்வளவு குறைந்திருக்கிறது. நம் 2ஆம் குரோமோசோமும் அப்படி வந்ததுதான். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48. நம் முன்னோரில் இரண்டு முனையோடு முனை இணைந்தன. நுனியில் மட்டும் இருக்கவேண்டிய டெலோமியர் எழுத்துகள் நம் 2இன் நடுவே எதிரெதிராகக் கிடப்பதை 1991இல் காட்டினார்கள். செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சமும் அதில் இருக்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு காலத்தில், 48 உள்ள கூட்டத்தில் 47ஓடு ஒருவர் நடமாடியிருக்க வேண்டும்.

இதை அந்த அக்காவிடம் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. மூன்று முறை இழந்தவருக்குப் பரிணாமம் என்ன ஆறுதல் தரும்?

சில மாதம் கழித்து அவருடைய தாயாரின் இரத்தம் வந்தது. உறவினரைச் சோதிப்பது வழக்கம். படிவத்தில் "உடல்நலக் குறை: இல்லை. பிள்ளைகள்: மூன்று" என்று இருந்தது. ஸ்லைடு போட்டு எண்ணினேன். 45. இருபது செல் போதும். அன்று முப்பது எண்ணினேன்.