மூன்றாவது இசட்-இசட்டும் அழுகியது: தராசில் வைத்துப் பார்த்த கோகோபீட் கணக்கு

கொல்லவே முடியாத செடி என்று பேர் எடுத்த இசட்-இசட் (ZZ plant), ஹாலில் வைத்த மூன்றாவதும் போய்விட்டது. நடுத்தண்டு மஞ்சள், அடியைத் தொட்டால் கொழகொழ. தொட்டியைக் கவிழ்த்தால் கிழங்கில் பாதி பழுப்புக் கூழ். தண்ணீர் என்னவோ 20 நாளுக்கு ஒரு முறைதான், அதுவும் மேல் ஓர் அங்குலம் பொரபொரவென்று காய்ந்த பிறகு. புத்தகப்படி எல்லாம் சரி. செடி மட்டும் செத்துவிட்டது.

இந்த முறை ஊகத்துக்கு இடம் வைக்கவில்லை. ஒரே உயரத்தில் இரண்டு புது இசட்-இசட் செடி, இரண்டுமே 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டி, ஒரே இடம். ஒன்று நர்சரியில் வந்தபடியே முழு கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில். இன்னொன்று சொந்தக் கலவையில். சமையலறை தராசில் நிறுத்து எழுதிய கணக்கு இது:

கோகோபீட் தொட்டி: நனைத்து வடிந்ததும் 1,690 கிராம். 20-ஆம் நாள் 1,350. முழுக்கக் காய்ந்தால் ஏறக்குறைய 520.
கலவைத் தொட்டி: நனைத்து வடிந்ததும் 1,850. 20-ஆம் நாள் 1,520. காய்ந்தால் ஏறக்குறைய 1,280.

இரண்டும் குடித்தது கிட்டத்தட்ட ஒரே அளவு, நாளுக்கு 17 கிராம். ஆனால் முதல் தொட்டியில் 20-ஆம் நாளும் பிடித்த தண்ணீரில் பத்துக்கு ஏழு பங்கு அப்படியே நிற்கிறது. இந்த வேகத்தில் அது காய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மேலே காய்ந்ததைப் பார்த்து மறுபடி ஊற்றினால், கிழங்கு நிரந்தரமாக ஈரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். கோகோபீட்டின் குணமே இதுதான்: மேல்தோல் வெளுத்துக் காய்ந்துவிடும், அடி பிழிந்தால் சொட்டும். விரலை விட்டுப் பார்ப்பது இதில் சுத்தமாக ஏமாற்றும். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகி 10 நிமிடம் கழித்து உருவினால் உண்மை தெரியும். நுனி கறுத்து ஈரமாக வந்தால் குவளையைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

நாளுக்கு 17 கிராம் மட்டும் ஏன் என்பதற்கு வெளிச்சம்தான் பதில். அந்த இடம் கிழக்குப் பால்கனிக் கதவிலிருந்து 3 மீட்டர் உள்ளே. போனில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, இலை இருக்கும் உயரத்தில் திரையை மேல்நோக்கி வைத்து அளந்தால் காலை 10-க்கு 350, பகல் 12-க்கு 240, மாலை 4-க்கு 110. (சென்சார் முன்கேமரா பக்கம் இருக்கும், ஸ்க்ரீன் கார்டு அழுக்கைத் துடைத்துவிட்டு அளக்கவும். போனுக்குப் போன் எண் மாறும், ஒரே போனில் இடத்துக்கு இடம் ஒப்பிட அது போதும்.) வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸை ஒட்டி நிற்கும். இருட்டில் வளரும் செடி என்று எதுவும் கிடையாது, இருட்டைப் பொறுத்துக்கொள்ளும் செடிதான் உண்டு. பொறுத்துக்கொள்ளும் செடி குறைவாகக் குடிக்கும். அதனால் வெளிச்சம் குறைந்த வீட்டில் செடியை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது, தொட்டிக்குள் போகும் மண்ணையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே ஒரு புலம்பல். வடக்கு ஜன்னல் என்றால் நேர்வெயிலே வராது, நிழல்செடி வைக்கலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது ஐரோப்பா, அமெரிக்கா கணக்கு. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பகலில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. சன்ஷேடு இல்லாத வடக்கு ஜன்னலில் மே, ஜூன் மாதம் காலையும் மாலையும் சாய்வெயில் உள்ளே விழும், அக்லோனிமா மாதிரி நிழல்செடியின் இலை வெளுத்துக் கருகும். தெற்கு ஜன்னல் டிசம்பரை ஒட்டிய மாதங்களில்தான் வெயிலை அதிகமாக உள்ளே விடும். அளப்பதையும் மே மாதம் அளந்து ஏமாறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் வரும் எண்ணை வைத்துச் செடி வாங்கினால் வருடம் முழுக்கத் தாக்குப்பிடிக்கும்.

கலவை: செங்கல் சில்லு 4 பங்கு, கரி 2, கோகோபீட் 3, மண்புழு உரம் 1. எல்லாம் ஒரே பிளாஸ்டிக் மக்கில் அளந்தது. செங்கல் சூளைச் செங்கலாக இருக்க வேண்டும். சாம்பல் செங்கல், ஹாலோ பிளாக் உடைசல் வேண்டாம், சிமெண்ட் சுண்ணாம்புத்தன்மையை ஏற்றிவிடும். உடைத்து, 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை சலித்து எடுத்து, தூள் போகும்வரை கழுவ வேண்டும். முதல் முறை இந்தக் கழுவலில் சோம்பல் பட்டதில் தூளெல்லாம் அடியில் இறங்கிக் களிமண் மாதிரி அடைத்துக்கொண்டது. கரிக்கு இஸ்திரிக் கடைக்குப் போகும் மரக்கரியே போதும், சாம்பல் ஒட்டாத துண்டாகப் பொறுக்கிச் சுண்டைக்காய் அளவுக்கு உடைக்கவும். கோகோபீட் கட்டியை ஊறவைத்துக் குறைந்தது மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிய வேண்டும், மலிவான கட்டியில் உப்பு நிறைய இருக்கும்.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பதை இன்னும் பலர் விடுவதாக இல்லை. நுண்ணிய கலவை முழுக்க நனையாமல் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. அடியில் தேங்க வேண்டிய ஈரம் ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து தேங்கும். ஜல்லியைக் கலவைக்குள் கலந்தால்தான் பலன்.

நர்சரிச் செடியை மாற்றும்போது வேரின் நடுவே விரலால் துழாவிப் பார்க்கவும். சின்ன வலைத்துணிப் பை ஒன்று கோகோபீட்டோடு இருக்கும். அதைக் கத்தரித்து எடுக்காவிட்டால் சுற்றி எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் நடுவில் ஒரு ஈரப் பஞ்சு நிற்கும். புனே, பெங்களூரு பசுமைக்குடில் சரக்குகளில் இது சகஜம். ஆந்திராவின் நர்சரி ஊரான கடியத்திலிருந்து லாரியில் வரும் செடிக்கு நேர்மாறான தொல்லை: வேரைச் சுற்றி இறுகின களிமண். ஒரு மணி நேரம் பக்கெட்டில் ஊறவைத்துக் கரைத்தால் விட்டுவிடும். லெகா எனும் சுட்ட களிமண் உருண்டை விற்கிற விலைக்கு இரண்டு செடி வாங்கலாம், செங்கல் சில்லே தேவலை.

இந்தக் கணக்கில் மற்ற இடங்களுக்கும் செடி முடிவாகிவிட்டது. கதவிலிருந்து 1 மீட்டருக்குள் 1,500 லக்ஸுக்கு மேல் வருகிறது, அங்கே மணி பிளான்ட்டும் அக்லோனிமாவும். மாதத்தில் பத்து நாள் பூட்டிக்கிடக்கும் அறைக்கு ஸ்னேக் பிளான்ட், நம் ஊர் மருளின் பங்காளி அது. ஏசி அறையில் கலாத்தியா வைத்தே தீருவேன் என்பவர்கள் போர் தண்ணீரை மறந்துவிட வேண்டும், உப்பில் இலை ஓரம் கருகும். ஆர்ஓ கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, அதைப் பிடித்து ஊற்றலாம். தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் மணி பிளான்ட், அக்லோனிமா, இசட்-இசட் மூன்றும் எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும். கடித்தால் அவற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயைப் புண்ணாக்கும். அரிகா பாம், ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியாவுக்கு அந்தப் பயம் இல்லை. காற்றைச் சுத்தம் செய்யும் என்று மட்டும் எதையும் வாங்க வேண்டாம். 1989 நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் வரும் காற்றோட்டம் செடி செய்வதைவிடப் பல மடங்கு.

அடுத்து, அடியிலுள்ள தண்ணீரை நைலான் கயிறு திரி மேலே இழுக்கும் சுயநீர்த் தொட்டியில் அக்லோனிமாவைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது, ஆனால் திரித் தொட்டிக்கு இந்தச் செங்கல் கலவை தண்ணீரை மேலே இழுக்குமா என்பது தனிச் சோதனை.

அழுகின செடியில் மிஞ்சியது ஒரு கிழங்கும் இரண்டு தண்டும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, லிட்டருக்கு 2 கிராம் சாஃப் (பூஞ்சைக்கொல்லி) கரைசலில் 20 நிமிடம் முக்கி, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு நட்டாயிற்று. முதல் வாரம் தண்ணீர் கிடையாது. விழுந்த இலைகளில் நல்லதாகப் பன்னிரண்டைப் பொறுக்கி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கரடு மணலில் செருகி ஜன்னலோரம் வைத்திருக்கிறது. பட்டாணி அளவு கிழங்கு கட்டவே மாதக் கணக்கில் ஆகும், அதுவரை பிடுங்கிப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். கலவைத் தொட்டியின் இன்றைய எடை 1,410.