பல்லாவரம் சந்தையில் ஒரு ‘ஆபி ரோடு’

7 ஜூன் 2024, வெள்ளி

காலை ஏழு மணிக்கெல்லாம் பல்லாவரம் சந்தையில் இருந்தேன். ஒன்பதைத் தாண்டினால் வெயிலில் பழைய இசைத்தட்டுகள் அப்பளம் மாதிரி நெளிய ஆரம்பித்துவிடும். வழக்கமாக வாங்கும் பாயிடம் இந்த வாரம் இரண்டு அட்டைப்பெட்டிகள். மேலே எல்லாம் பழைய தமிழ்ப் படப்பாட்டு, பக்திப் பாடல்கள். அடியில், பிரவுன் டேப் ஒட்டிய ஓர் உறையில் நான்கு பேர் வரிசையாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினுடைய ‘ஆபி ரோடு’ ஆல்பம்! முன்னட்டையில் குழுவின் பெயரும் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. 1969இல் வந்தபோதே அப்படித்தான். தட்டை மெல்ல உருவிப் பார்த்தேன். லேபிளில் பச்சை ஆப்பிள், ஓரத்தில் ‘மேட் இன் இந்தியா’. கல்கத்தா டம் டம் ஆலையில் அடித்த தட்டு.

“இங்கிலீஷ் தட்டை யாரும் கேக்குறதில்ல சார், அறுநூறு குடுங்க” என்றார் பாய். ஐந்நூறுக்கு முடிந்தது.

பின்னட்டையில் நீல மசியில் ‘திருச்சி, 1972’ என்று எழுதியிருக்கிறது. பாட்டுப் பட்டியலுக்குக் கீழே பென்சிலில் சின்னதாக ‘+1’. பழைய கடைக்காரர் யாராவது போட்ட கணக்காக இருக்கும்.

8 ஜூன், சனி

தட்டைக் கழுவினேன். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்தால், ஊசி ஓடுகிற மெல்லிய பள்ளங்களில் வெள்ளையாகப் படியும், ஊசி அதன்மேல் ஏறி இறங்கும்போது பொரிகிற சத்தம் வரும். அதனால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்தான். அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். லேபிளில் ஈரம் படாமல், பள்ளம் ஓடுகிற திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை.

துணியில் வந்த அழுக்கு சாம்பல் நிறம். ஐம்பது வருடத் தூசி. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் முதல் பக்கத்தில் மூன்று மயிரிழைக் கீறல்கள் தெரிகின்றன. நகத்தால் தடவினால் தட்டுப்படவில்லை. நகத்தில் தட்டுப்படாத கீறலைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் ஒய்.இ.எக்ஸ். 749 என்ற எண் இருக்கிறது. லண்டனில் வெட்டிய மூலத்தட்டின் முதல் பக்கத்துக்கு இட்ட எண் அது. அதைப் படித்தபோது கை கொஞ்சம் நடுங்கியது.

9 ஜூன், ஞாயிறு

முதல் பக்கம் கேட்டேன். கடைசிப் பாட்டான ‘ஐ வான்ட் யூ’ ஏறக்குறைய எட்டு நிமிடம். தட்டின் உட்புறத்தில் இவ்வளவு கனமான பாட்டை வைப்பது துணிச்சல். தட்டு சுற்றும் வேகம் ஒன்றுதான் என்றாலும், வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் வெறும் 21. அதே ஓசையை நெருக்கிப் பிழிந்து எழுத வேண்டியிருப்பதால் அங்கேதான் சத்தம் பிசிறடிக்கும். இந்தப் பாட்டில் ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வர, மூக் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் எழுப்பிய புயல்காற்றுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி எல்லாவற்றையும் மூடுகிறது. பிசிறு இருந்தாலும் அந்தக் காற்றிலேயே கரைந்துவிடுகிறது.

அப்புறம், சட்டென்று வெட்டு. பீட்டில்ஸில் ஒருவரான லென்னன் காட்டிய இடத்தில் டேப்பை அப்படியே நறுக்கிவிட்டார்கள். உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள், “அப்பா, கரண்ட் போச்சா?” என்று கேட்டாள். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

போனில் இதே ஆல்பத்தை நூறு முறையாவது கேட்டிருப்பேன். அங்கே அந்த வெட்டு விழுந்த கையோடு அடுத்த பாட்டு வந்து நிற்கும். தட்டில் அப்படியில்லை. ஊசி வெற்றுப் பள்ளத்தில் தட்டித் தட்டிச் சுற்றுகிறது. எழுந்து போக வேண்டும், ஊசி மாட்டிய கையைத் தூக்க வேண்டும், தட்டைப் புரட்ட வேண்டும். அவ்வளவுக்கும் பிறகுதான் ஜார்ஜ் ஹாரிசனின் ‘ஹியர் கம்ஸ் த சன்’. அந்த இருட்டுக்கும் இந்த வெளிச்சத்துக்கும் நடுவே ஒரு நிமிடம் இருக்கிறது. 1969இல் தட்டில் கேட்டவர்கள் எல்லோருக்கும் அது கிடைத்தது.

இரண்டாவது பக்கத்தை ஓடவிட்டால் சுருதி இறங்கிக் கேட்டது. அந்தப் பாட்டு ஏ மேஜர், நம் கணக்கில் ஆறு கட்டை. சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: ஆறுக்கும் ஐந்தரைக்கும் நடுவே தொங்குகிறது. தட்டைச் சுழற்றுகிற பெல்ட் தொய்ந்துவிட்டது, சந்தேகமே இல்லை. நிறுத்திவிட்டேன். இந்தத் தட்டைத் தவறான சுருதியில் கேட்க மனம் வரவில்லை.

13 ஜூன், வியாழன்

ரிச்சி தெருவில் பெல்ட் கிடைத்தது. பழையதைவிட இரண்டு சென்டிமீட்டர் குட்டை. சரி, இனி ஆறு கட்டை.

15 ஜூன், சனி

நண்பன் தன்னுடைய இங்கிலாந்துப் பதிப்பைக் கொண்டுவந்தான். அந்தத் தட்டுகளில் லேபிளைச் சுற்றி, எந்த அச்சில் அடித்தது என்று காட்டும் சங்கேத எழுத்துகள் இருக்கும். ‘கிராமபோன் லிமிடெட்’ என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்துகளையே எண்களாக வைத்துக்கொண்டார்கள்: ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5 என்று போகும். அவனுடையதில் ஆர்.ஓ., அதாவது 25ஆவது அச்சு. ஓர் அச்சை வைத்து அடிக்க அடிக்க அது மழுங்கும் என்பதால், சின்ன எண் உள்ள தட்டுக்குச் சேகரிப்பவர்களிடம் மவுசு.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். அவன் தட்டில் சிம்பல் ஓசை நீண்டு நின்று அடங்குகிறது, பேஸ் இறுக்கமாக இருக்கிறது. என்னுடையதில் அடியில் ஓர் இரைச்சல், அங்கங்கே வெடிப்பு. ஆனால் குரல்கள்! நடுவில் நெருக்கமாக நின்று பாடுகின்றன. டம் டம் தட்டு என்றாலே உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளிநாட்டுத் தட்டு எளிதில் கிடைக்காத காலத்தில், லண்டனில் வாசித்ததைத் திருச்சியில் ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கறுப்பு வட்டம்தான்.

‘ஹியர் கம்ஸ் த சன்’ பாட்டில் ‘சன், சன், சன்’ என்று வருகிற இடத்தில் தாளம் போட்டுப் பார்த்தோம். எட்டில் நிற்காமல் நழுவுகிறது. மிருதங்கக்காரர் தீர்மானம் வைக்கும்போது கணக்கைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்க் கடைசியில் சமத்தில் இறக்குவது போலத்தான் இருந்தது. ரவிசங்கரிடம் சிதார் கற்றவர் அல்லவா ஹாரிசன்!

16 ஜூன், ஞாயிறு

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இரண்டாவது பக்கம் முழுவதும் கேட்டேன். துண்டு துண்டான பாட்டுகளைக் கோத்துக்கொண்டே போய் ‘தி எண்ட்’ முடிகிறது. அப்புறம் பதினான்கு நொடி மௌனம். எழுந்திருக்கப் போனேன், ‘ஹர் மெஜஸ்டி’ நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். 23 நொடிப் பாட்டு. வேண்டாம் என்று குழுவின் மெக்கார்ட்னி ஒதுக்கச் சொன்னது. பீட்டில்ஸின் டேப் எதையும் எறியக் கூடாது என்பது ஸ்டுடியோவில் கட்டளை. அதனால் டேப் உதவியாளர் ஜான் கர்லாண்டர் அதைச் சுருளின் கடைசியில் ஒட்டிவைத்தார். கேட்டுப்பார்த்த மெக்கார்ட்னி அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். வெட்டிய துண்டு என்பதால் கடைசிச் சுரக்கூட்டு இல்லாமலே நிற்கிறது.

உறையில் இந்தப் பாட்டின் பெயர் இருக்காது. சரிபார்க்கலாமே என்று பின்னட்டையைத் திருப்பினேன். பட்டியல் ‘தி எண்ட்’ உடன் முடிகிறது. அதற்கு நேர் கீழே அந்தப் பென்சில் எழுத்து: ‘+1’.