ஸ்டிஃபனர் பேனலை டெஸ்டிங்குக்குக் கொண்டுபோகிறவர்கள் கவனத்துக்கு

எம்.இ. ப்ராஜெக்டுக்காக கார்பன் ஃபைபர் பேனல்கள் செய்தோம்: ஸ்கின் என்ற மெல்லிய தகடு, அதை விறைப்பாக்க அதன்மேல் ஸ்டிஃபனர் என்ற பட்டைகள். அவற்றை அடித்துவிட்டு, பிறகு எவ்வளவு அழுத்தம் தாங்குகின்றன என்று பார்க்கும் டெஸ்டிங் ஒருவழியாக முடிந்தது. டிசைனும் வேக்கம் பேக்கும் (பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி அடுக்குகளை இறுக்குவது) சிக்கல் இல்லாமல் நடந்தன. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சித்திரை வெயிலில் சேலத்தில் எபாக்சி (இழைகளைப் பிணைக்கும் ரெசின்) கலப்பவர்கள் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். சூடு ஏற ஏற அது சீக்கிரம் இறுகிவிடும். விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூசுங்கள்.

எங்களை அலைக்கழித்தது டெஸ்டிங்தான். ராத்திரி பஸ்ஸில் பேனலை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூரு போனோம். லேப் கவுன்டரில் இருந்தவர் விண்ணப்பத்தை மட்டும் பார்த்தார். போனில் அவர்களே சொன்னபடி ஏஎஸ்டிஎம் டி7137 (அடிபட்ட துண்டை அழுத்திப் பார்க்கும் டெஸ்டுக்கான தரமுறை) என்று எழுதியிருந்தோம். "அது 150க்கு 100 மி.மீ. தட்டைத் துண்டுக்கு. இதில் ஸ்டிஃபனர் இருக்கிறதே, எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னும் ஆறவில்லை.

தட்டைத் துண்டு சொல்லாததைத் தெரிந்துகொள்ளத்தானே பேனலே செய்தோம்! அழுத்தும்போது ஸ்டிஃபனர்களுக்கு நடுவே ஸ்கின் நெளியும். அந்த நெளிவு ஸ்டிஃபனரின் பாதத்தை, அதாவது ஸ்கின்னோடு ஒட்டியிருக்கும் பகுதியை, பிய்த்தெடுக்கப் பார்க்கும். பாதத்தின் ஓரத்தில் ஏற்கெனவே அடிபட்டு உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால், பிளவு அங்கிருந்தே ஓடும். வெளியே லேசான பள்ளம்கூடத் தெரியாமல் இருக்கலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அப்படிப்பட்ட அடியோடும் விமானப் பாகம் லிமிட் சுமையைப்போல் (பயன்பாட்டில் எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமை) 1.5 மடங்கைத் தாங்கியாக வேண்டும்.

அப்புறம் எங்கள் கைடு ஒரு வழி செய்தார். எந்த இடத்தில், எத்தனை ஜூல் ஆற்றலில் அடிப்பது, பேனலின் இரு முனைகளையும் ரெசினில் பதித்து எப்படி இணையாகச் சீவுவது, ஸ்ட்ரெயின் கேஜை (நீட்சி, சுருக்கத்தை அளக்கும் சின்ன ஒட்டு) எங்கே ஒட்டுவது, எப்போது நிறுத்துவது என்று ஒரே பக்கத்தில் எழுதி, லேப் இன்ஜினியரிடமே கையெழுத்து வாங்கினார். அதைக் காட்டியதும் கவுன்டரில் மறுபேச்சு இல்லை. நீங்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

கேஜை ஸ்கின்னின் இரு பக்கமும் நேருக்கு நேர் ஒட்டுங்கள். சுமை ஏறும்போது இரண்டு அளவும் எப்போது பிரிகிறதோ அப்போதுதான் நெளிவு தொடங்குகிறது. பாதத்தின் ஓரத்தைச் சரிவாக மெலித்த பேனலில் ஸ்கின் கண்ணெதிரே நெளிந்தது, ஆனாலும் சுமை ஏறிக்கொண்டே போனது. கைதட்டிவிட்டோம். ஓரத்தை மெலிக்காத பேனலில் அடிபட்ட இடத்திலிருந்து ஸ்டிஃபனர் படாரென்று பிய்ந்து வந்தது.

அடிப்பதற்கு முன்பும் ஒரு அல்ட்ராசானிக் ஸ்கேன் கட்டாயம் எடுங்கள். இல்லையென்றால், தயாரிப்பிலேயே இருந்த குறை எது, அடியால் வந்தது எது என்று பிரிக்கவே முடியாது. ஸ்கேனின் ஒரிஜினல் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். பிரிண்ட் எடுத்த தாளை வைத்துப் பிளவின் பரப்பை ஒழுங்காக அளக்க முடியாது.