28500

"ஏலே, கதவுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு? வாசி."

கங்கைகொண்டான் டீக்கடை வாசலில் லாரி டிரைவர் அண்ணாச்சி கேட்க, புதிதாகச் சேர்ந்த கிளீனர் பையன் எழுத்துக்கூட்டி வாசித்தான். யு.எல்.டபிள்யூ. அதற்குக் கீழே ஆர்.எல்.டபிள்யூ., நேராக மஞ்சள் பெயிண்டில் 28500.

"மேல உள்ளது வெறும் வண்டி எடை. கீழ உள்ளது சரக்கோட சேர்த்து. கழிச்சா வருதுல்லா, அவ்வளவுதான் நம்ம லோடு. எடை மேடைச் சீட்டுல அதுக்கு மேல வந்தா வண்டிய எடுக்கக் கூடாது."

"சரி அண்ணாச்சி."

பத்துச் சக்கர வண்டிக்கு 2018 வரை மொத்தம் 25 டன்தான். பிறகுதான் 28.5 ஆக்கினார்கள். மீறினால் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு.

அபராதத்தை விடுங்கள். அதிக பாரத்தோடு கேரள எல்லையில் உள்ள புளியரை மலைப்பாதை எஸ் வளைவில் ஏறுகிறவனுக்குத்தான் உயிர்ப்பயம் தெரியும்.

எனக்கு ஆத்திரம் ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கூலி விஷயத்தில். லோடு இறக்க ஆள் இல்லை என்று குடோன் வாசலில் ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தி வைப்பார்கள். காத்துக் கிடந்ததற்குக் காசு கேட்டால், "அடுத்த லோடுல பாத்துக்கலாம்" என்பார்கள். வண்டியின் மாதத் தவணையை அப்படித் தள்ளிப்போட முடியுமா?

திரும்பு லோடும் கைவிட்டுப் போகும். அப்புறம் காலி வண்டியாகத்தான் ஊர் வர வேண்டும், டீசல் கைக்காசு.

எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஹால்டிங், நாளுக்கு எவ்வளவு என்பதை லோடு ஏற்றும்போதே எல்.ஆரில் (சரக்கு ஏற்றியதற்கான லாரி ரசீது) எழுதி வாங்குங்கள், தம்பிகளா. வாய்ப்பேச்சை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.