ஷெல் ஸ்கிரிப்டில் தசம எண் ஒப்பீடு: மேக அளவு முதல் பிக்சல் அளவு வரை

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் ஒவ்வொன்றோடும் எம்டிஎல் என்று பெயர் முடியும் ஓர் உரைக் கோப்பு வரும். படத்தில் எத்தனை சதவீதம் மேகம் என்பதைச் சொல்லும் ‘கிளவுட்_கவர் = 7.45’ போன்ற வரி அதில் இருக்கும். நூற்றுக்கணக்கான படங்களை இறக்கி வைத்துக்கொண்டு, மேகம் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் ஸ்கிரிப்ட் வைத்துப் பொறுக்குவது ராஸ்டர் (பிக்சல் கட்டங்களாக உள்ள படத் தரவு) வேலையின் முதல் படி. பிழை நுழைவதும் பெரும்பாலும் இங்கேதான். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

பாஷ் என்ற ஷெல்லுக்கு முழு எண் கணக்கு மட்டுமே தெரியும். ஒற்றைச் சதுர அடைப்புக்குள் 7.45 -எல்டி 20 (‘20-ஐவிடச் சிறியதா’) என்று எழுதினால், முழு எண் வேண்டும் என்று ஒரு பிழைச் செய்தி வரும், எக்ஸிட் ஸ்டேட்டஸ் (கட்டளை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண், வெற்றி என்றால் 0) 2 ஆகும். ஆனால் இஃப் பார்ப்பது 0-ஆ இல்லையா என்பதை மட்டும்தான். 2 என்றாலும் அதற்கு ‘இல்லை’ என்றே பொருள், நேராக எல்ஸ் பகுதிக்குப் போய்விடும். ‘செட் -ஈ’ போட்டிருந்தாலும் இஃப் நிபந்தனைக்குள் நடக்கும் தோல்விக்கு ஸ்கிரிப்ட் நிற்காது. பிழைச் செய்திகளை லாக் கோப்புக்குத் திருப்பியிருந்தால், எல்லாப் படமும் நிராகரிக்கப்பட்டதற்குக் காரணமே தெரியாது.

இதைவிட மோசம், பிழையே வராத வழி. இரட்டைச் சதுர அடைப்புக்குள் < குறி போட்டால் பாஷ் எண்ணாகப் பார்க்காது, எழுத்தாகப் பார்க்கும். 7.45-இல் முதல் எழுத்து 7, 20-இல் முதல் எழுத்து 2. ஆகவே 7.45 பெரியது, நல்ல படம் வெளியே போகும். 100.00-இன் முதல் எழுத்து 1, ஆகவே அது 20-ஐவிடச் சிறியது. முழுக்க மேகம் மூடிய படம் உள்ளே வரும். 12.30, 15.80 போன்றவற்றுக்குச் சரியான விடையே கிடைப்பதால், இரண்டு மூன்று படங்களை வைத்துச் சோதிப்பவருக்கு இது பிடிபடாது. ஒற்றை அடைப்புக்குள் > குறி போட்டாலோ அது கோப்புக்குத் திருப்பும் குறி. ஒப்பீடு எப்போதும் ‘ஆம்’ என்றாகும், அடைவில் ‘20’ என்ற பெயரில் 0 பைட் கோப்பு ஒன்று முளைக்கும். அப்படி ஒரு கோப்பு கண்ணில் பட்டால் ஸ்கிரிப்டில் எங்கே கோளாறு என்று தேடவே வேண்டாம்.

புள்ளியை வெட்டி முழு எண்ணாக்கும் குறுக்கு வழியும் வேண்டாம். 7.45 என்பது 745 ஆகும், 8.5 என்பது 85 ஆகும், வரிசை தலைகீழ். 0.08 என்பது 008 ஆகும். இரட்டை வளைவு அடைப்புக்குள் 0-இல் தொடங்கும் எண்ணை பாஷ் எண்ம முறையில் (0 முதல் 7 வரை இலக்கம் கொண்ட எட்டடிமானம்) படிப்பதால், 8 என்ற இலக்கத்தைக் கண்டதும் பிழை தரும்.

ஒப்பீட்டை ‘ஆக்’ என்ற உரை அலசும் கருவியின் கையில் கொடுத்துவிடுவதே நம்பகமானது. பாஷ் மாறிகளை -வி வழியாக அனுப்பி, பிகின் பகுதியில் ‘எக்ஸிட் !(மேகம்+0 < வரம்பு+0)’ என்று ஒரே வரி. ஆச்சரியக்குறியை விட்டுவிடாதீர்கள். ஆக்கில் ‘ஆம்’ என்றால் 1, ஷெல்லிலோ வெற்றி என்றால் 0. அதைத் திருப்பிப் போடத்தான் அந்தக் குறி. +0 சேர்ப்பது எண்ணாகவே ஒப்பிடச் செய்ய.

பலர் ‘பிசி’ என்ற கணக்கிடும் கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். மேக சதவீதத்துக்கு அது போதும், ராஸ்டர் புள்ளிவிவரத்துக்குப் போதாது. ராஸ்டர் கோப்பின் விவரங்களைக் காட்டும் ஜிடால்இன்ஃபோ (ஜிடால் தொகுப்பின் கட்டளை) மிகச் சிறிய எண்களை அடுக்குக்குறியோடு தரும். 1.5ஈ-05 (அதாவது 0.000015) என்பதில் ‘ஈ’ சிற்றெழுத்தாக இருந்தால் பிசி தொடரியல் பிழை என்று சொல்லிவிடும், அதுவாவது பரவாயில்லை. பேரெழுத்தாக இருந்தால் குனு பிசி அதைப் பதினறும இலக்கமாக எடுத்து, பத்தடிமானத்தில் அடங்காததால் 9 ஆக்கிக்கொள்ளும். 1.59 கழித்தல் 5 என்று கணக்குப் போட்டு -3.41 என்று விடை தரும், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல். வரிசைப்படுத்தும்போதும் இதே கதைதான்: ‘சார்ட் -என்’ அடுக்குக்குறியை அறியாது, ‘சார்ட் -ஜி’ அறியும்.

சரியான கருவி இருந்தாலும் உள்ளே போகும் மதிப்பைச் சோதிக்காவிட்டால் பயனில்லை. கிளவுட்_கவர் -1 என்றால் மேகம் கணக்கிடப்படவில்லை என்று பொருள். -1 நிச்சயமாக 20-ஐவிடச் சிறியது, எனவே அந்தப் படம் மிகத் தெளிவான படமாகத் தேறிவிடும். கிரெப் வைத்துத் தேடினால் கிளவுட்_கவர்_லேண்ட் என்ற வரியும் சேர்ந்து வரும், ஆகவே முதல் புலம் முழுதாகப் பொருந்துகிறதா என்று ஆக்கிலேயே பாருங்கள். கோப்பில் வரியே இல்லையென்றால் மாறி காலியாக இருக்கும், காலி+0 என்பது 0, அதுவும் தேறும். ஒப்பிடும் முன் ^[0-9]+(\.[0-9]+)?$ என்ற வடிவத்தோடு பொருத்திப் பார்த்தால் காலி, -1 இரண்டும் அங்கேயே தடுக்கப்படும்.

ஜிடால்இன்ஃபோவிலும் காலி மதிப்பு வரும். படம் முழுக்க நோடேட்டா (தரவு இல்லாத பிக்சல்) என்றால் -ஸ்டாட்ஸ் கொடுத்தாலும் சராசரி கிடைக்காது. -ஜேசன் வெளியீட்டை ஜேக்யூவில் (ஜேசன் வடிவத் தரவைப் படிக்கும் கருவி) படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பேண்டின் (படத்தின் ஓர் அடுக்கு) ‘மீன்’, அதாவது சராசரி, எண்ணாக இருக்கும், மெட்டாடேட்டாவுக்குள் உள்ள ஸ்டாட்டிஸ்டிக்ஸ்_மீன் மேற்கோளுக்குள் சரமாக இருக்கும். ஜேக்யூ எந்தச் சரத்தையும் எந்த எண்ணையும்விடப் பெரியதாகவே கொள்ளும். அதனால் ‘0.3-ஐவிடப் பெரியதா’ என்ற கேள்விக்கு எல்லாப் படத்துக்கும் ‘ஆம்’ வரும். ‘டுநம்பர்’ போட்டு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். ஏற்கெனவே கணக்கிட்ட புள்ளிவிவரம் பக்கத்தில் .ஆக்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்தால் ஜிடால் அதையே தரும். படத்தை இருந்த இடத்திலேயே திருத்தியிருந்தால் அந்தக் கோப்பை முதலில் அழித்துவிடுவது நல்லது.

சமமா என்ற கேள்விக்குத் தசம எண்ணில் == உதவாது. ஃப்ளோட்32 (தசம எண்ணை 32 பிட்டில் வைக்கும்) ராஸ்டரில் 0.3 என்று எழுதிய மதிப்பு 0.300000011920929 என்று திரும்பி வரும். எவ்வளவு வேறுபாட்டைப் பொறுக்கலாம் என்பதை வேலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு ஆர்க் செகண்ட் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) எஸ்ஆர்டிஎம் நில உயரத் தரவின் ஒரு தட்டில் 3601 நெடுவரிசைகள், பிக்சல் அளவு 1/3600 பாகை, அதாவது 0.000277777777778. இன்னொரு கோப்பில் அது 0.0002777778 என்று சுருங்கியிருந்தால், வேறுபாட்டை 3601-ஆல் பெருக்கிப் பிக்சல் அளவால் வகுத்துப் பாருங்கள்: மறு ஓரத்தில் 0.0003 பிக்சல் விலகல், ஒன்றுமில்லை. யாரோ 0.000278 என்று முழுமையாக்கியிருந்தால் அதே கணக்கு 2.88 பிக்சல் என்று காட்டும், இரண்டு தட்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. ஆறு தசம இடத்துக்கு ஒப்பிட்டால் இரண்டுமே 0.000278, சமம் என்றே வரும். ஆகவே ஆக்கில் தசம இடங்களை எண்ணாமல், இந்த மறு ஓர விலகலைக் கணக்கிட்டு 0.01 பிக்சலுக்குக் கீழே இருக்கிறதா என்று கேளுங்கள்.